கூடையில் மின்னிய காரல்

காரல் என்றால் எனக்குக் கருவாடுதான். உள்ளங்கை அகலம்கூட வராத, தட்டையான ஒரு சின்ன மீன். காய்ந்தபின் அதன் வெள்ளிப் பூச்சு உதிர்ந்து விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாக்கிலிருந்து அள்ளிப் போட்டுவிட்டு மறந்துபோய்த் தலையைச் சொறிந்தால் தலைமயிரும் மினுமினுக்கும். விலை குறைந்த சரக்கு. கூழுக்குக் கடித்துக்கொள்ள வாங்குவார்கள். கடையில் வாளைக்கும் சீலாவுக்கும் உள்ளே பலகை உண்டு; காரலுக்கு வாசற்படி ஓரம்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் திண்டுக்கல்லில் ஒரு பாயின் கருவாட்டுக் கடையில் சேர்ந்தேன். வாரத்தில் பாதி நாள் கடை. மீதி நாள் வத்தலக்குண்டு, கன்னிவாடி, அகரம் என்று சந்தைக்குச் சந்தை மூட்டையோடு போவேன். கூவி விற்க எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் மூட்டைக்குப் பின்னால் போய்விடுவேன். அதனால் பாய் கூவுவார், நான் நிறுப்பேன். ஆனால் சரக்கைத் தரம் பார்ப்பதில் பாய் என்னைத்தான் நம்புவார். மணலில் காய்ந்த காரல் எது, ஓலைப்பாயில் காய்ந்தது எது என்று கடித்துப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். செவப்புப் புள்ளி விழுந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். விரலால் ஒடித்தால் முறுக்குப் போல ஒடிய வேண்டும், வளையக் கூடாது. இவ்வளவும் தெரிந்த நான் பச்சைக் காரலைக் கண்ணால் பார்த்தது இல்லை. கடலையும் பார்த்தது இல்லை. எங்கள் ஊரில் பச்சை மீன் என்றால் கண்மாய் மீன்தான்.

என் மனைவி அகரத்துப் பக்கம் பூ விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். மல்லிகைப் பூ எடுத்த கை. கல்யாணமான புதிதில் என் சட்டையை ஒரு குச்சியால் தூக்கித்தான் துவைக்கக் கொண்டுபோவாள்.

"எங்கய்யா கருவாட்டு மூட்டைக்குக் கழுத்த நீட்டச் சொல்லிட்டாரு," என்பாள்.

"மூட்டை ஒண்ணும் வாய் பேசாதுல்ல," என்று நான் சொன்னால், "அது ஒண்ணுதான் நல்லது," என்று சிரிப்பாள். அவளிடம் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது.

எங்களுக்குப் பல வருஷம் குழந்தை இல்லை. அவள் சுற்றாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மழையில்தான் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டிலேயே பிரசவம். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். முதலில் வருகிற மஞ்சள் பால் குழந்தைக்கு ஆகாது என்று மருத்துவச்சி பீய்ச்சி வெளியே ஊற்றச் சொன்னாள். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழந்தை வாயில் வைத்தார்கள். பச்சை உடம்பு ஊதிவிடும் என்று தாய்க்கு வெந்நீரைக்கூட மடக்கு மடக்காக அளந்துதான் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பால் வரவேயில்லை. குழந்தை சப்பிப் பார்க்கும், அழும், மறுபடி சப்பும். பூண்டு கொடுத்தார்கள், முருங்கைக்கீரை கொடுத்தார்கள். நான் கடைக்குக் கிளம்பும்போது அழுத அழுகை திரும்பி வரும்போதும் கேட்கும். ஆனால் சத்தம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடையில் பாய் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்னலே, புள்ள பொறந்தவன் மொகமாலே இது? காரல் கணக்காக் காஞ்சு கெடக்கு?"

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பு, ஒன்னத்தான். வீட்ல சரியில்லையா?"

"புள்ள அழுவுது பாய்."

"புள்ளன்னா அழுவத்தான் செய்யும். பாட்டா பாடும்?"

"பசிச்சு அழுவுது பாய்."

அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் சமாச்சாரத்தை முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது? ஆனால் பாய்க்குப் புரிந்துவிட்டது. எட்டுப் பிள்ளை பெற்ற வீடு அவருடையது. அவர் சம்சாரம் கடலோரத்தில் கீழக்கரைப் பக்கத்துக்காரர்.

"அட கிறுக்குப் பயலே, இத ஏன் இம்புட்டு நாளா முழுங்கிக்கிட்டு இருந்த? எங்க வீட்ல ஒவ்வொரு பிரசவத்துக்கும் பச்சைக் காரல்தான். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ஆணம்னு தண்ணிக் கொழம்பு காச்சிக் குடுப்பாங்க. ரெண்டே நாள், பால் பெருகிரும்."

"கருவாட்டுல காச்சினா ஆகாதா பாய்?"

"பச்ச ஒடம்புக்காரிக்கு உப்பையா குடுப்ப? பச்சையா வேணும்லே. நான் சொல்லி விடுறேன், பொறு."

ராமேசுவரத்துக்கு முன்னால் கடலோரத்தில் இருக்கிற மண்டபம் என்ற ஊரிலிருந்து எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற ஏஜெண்டுக்கு ரயிலில் போகிற ஆளிடம் சொல்லி அனுப்பினார். கொடைக்கானல் மலை பங்களாக்களுக்கு ஐஸ்பெட்டியில் பெரிய மீன் ரயிலேறும். அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஓலைக்கூடையும் வந்தது. பார்சல் ஆள் அதைத் திண்டுக்கல் ஸ்டேஷனில் என் கையில் கொடுத்தபோது மத்தியானம். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது. பாய் அதற்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

வழியில் ஒரு மரத்தடியில் நின்று திறந்து பார்த்தேன். இத்தனை வருஷம் விற்ற மீன் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு பளபளப்பு. ஒவ்வொன்றின் மேலும் வெண்டைக்காய்க் கோழை போல வழவழவென்று இருந்தது. ஒன்றின் வாயை விரலால் தொட்டேன்; வாய் சட்டென்று ஒரு சின்னக் குழாய் போல முன்னால் நீண்டுகொண்டது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தடவை செய்து பார்த்தேன். குழந்தை பெரியவளானதும் இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் மாமியார் கூடைக்குள் கைவிட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்கள்.

"என்ன மாப்ள, சளி புடிச்ச மீனா இருக்கு? எங்க கண்மாய்க் கெண்டை எம்புட்டுச் சுத்தமா இருக்கும்!"

"கடல் மீனு அத்தை. இப்படித்தான் இருக்கும்போல. பாய் வீட்ல எல்லாப் பிரசவத்துக்கும் இதானாம்."

அன்று காலையில்தான் அவளுக்குப் பிரசவ மருந்து கொடுத்திருந்தார்கள். பொழுது சாயும்வரை வேறெதுவும் கொடுக்கக் கூடாது. அதனால் சாயங்காலம் காய்ச்சலாம் என்று கூடையை அடுப்படி மூலையில் வைத்தோம். மறுநாள் வத்தலக்குண்டுச் சந்தைக்கு மூட்டை கட்ட நான் கடைக்குத் திரும்ப வேண்டும். கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"ரெண்டு நாள்ல வந்துருமா?"

"பாய் அப்படித்தான் சொன்னாரு."

"ஒங்க மீனாச்சும் எனக்குக் கைகுடுக்கட்டும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். மடியில் குழந்தை தூங்கிப்போயிருந்தது.

விளக்கு வைத்தபிறகு நான் வீடு திரும்பினேன். கொல்லையில் ஈர மண் புதிதாகக் குவிந்து கிடந்தது. அதன்மேல் சாணித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். உள்ளே என் மனைவி நனைந்த தலையோடு, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

நடந்ததை மாமியார் சொன்னார்கள். மழை இருட்டு. குழந்தைக்குக் கூதல் அடிக்கக் கூடாது என்று கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. விளக்கேற்றுவதற்கு முன்னால் மீனை எடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போயிருக்கிறார்கள். மூலையில் கூடை மின்னியிருக்கிறது. வெள்ளியாக அல்ல, நீலமாக. ஒவ்வொரு மீனின் தொண்டைக்குக் கீழேயும் ஒரு வெளிச்சம்.

"கொள்ளிவாய்ப் பிசாசு கணக்கா மாப்ள! நெருப்பும் இல்ல, சூடும் இல்ல. செத்த மீனு எங்கயாச்சும் வெளக்கெரியுமா? விசம் ஏறி அழுகிப்போயிருக்கு. நான் கத்துன கத்துல இவ எந்திரிச்சு வந்துட்டா. வந்து பாத்தவ என்னத் தொடவிடல. அவளே கூடையத் தூக்கிட்டு மழையில போயி, களைக்கொத்த எடுத்துக் குழி தோண்டிப் பொதச்சுட்டா. பச்ச ஒடம்பு, சொல்லச் சொல்லக் கேக்கல."

என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு களைப்பிலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"அதக் குடிச்சிருந்தா என் வழியா இவளுக்குல்ல விசம் போயிருக்கும்? செத்த நேரம் முந்தி அடுப்புல ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? எம்புள்ளையக் காப்பாத்திட்டேங்க."

கருவாட்டில் செவப்புப் புள்ளி பார்த்திருக்கிறேன், வெளிச்சம் பார்த்ததில்லை. அது கெட்டுப்போன மீன் என்பதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை. "நல்ல காரியம் செஞ்ச," என்றேன்.

பாயிடம், கெட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னேன். "ஐஸ் பத்தாம அனுப்பிட்டானா படுபாவி," என்று அவர் ஏஜெண்டைத் திட்டினார். இன்னொரு கூடைக்குச் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் அந்தப் பக்கம் காற்று பிடித்துக்கொண்டது. வள்ளம் எதுவும் கடலுக்குப் போகவில்லை என்று பதில் வந்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடைச் சங்கில் புகட்டினோம். குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆகி, கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை. ஓடைக்கரையில் நானும் என் மச்சானும் புதைத்துவிட்டு வந்தோம். என் கையில் அது ஒரு பூக்கூடை கனம்கூட இல்லை.

அதன்பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தாள். வீட்டு வேலை பார்த்தாள், அக்கம்பக்கத்தில் சிரித்துப் பேசினாள். எப்போதாவது ஒரு கேள்வி மட்டும் கேட்பாள். "என்னால ஆனத நான் செஞ்சேன்லங்க?" ஆமாம் என்பேன். "அந்த விசத்தக் குடுக்காமயாச்சும் இருந்தேன்," என்பாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பாய்க்கு மூட்டுவலி வந்தது. சரக்கு எடுக்க என்னை மண்டபத்துக்கு அனுப்பினார். அப்போதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். கரையில் பெண்கள் காரலைக் குவித்து வைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஏஜெண்டுக்காகக் காத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். வெளிச்சம் குறையக் குறைய அந்தக் குவியல் மெல்ல நீலமாக மின்ன ஆரம்பித்தது. 

"என்ன அண்ணாச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?" என்றாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

"அது... மின்னுதே. கெட்டுப்போச்சா?"

அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "இந்தா பாருடி, கருவாட்டு யாவாரி கேக்குற கேள்விய! மின்னுனாத்தான் அண்ணாச்சி பச்சை மீனு. அணைஞ்சு போனாத்தான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். காரலுக்குத் தொண்டையில வெளக்கு இருக்கு, தெரியாதா? ஒங்க ஊர்ல மீனு காஞ்சேதான் பொறக்குமோ?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் ஏதோ சிரித்து வைத்திருப்பேன்.

மறுநாள் கரையில் ஒரு காலேஜ் படிப்புக்காரத் தம்பி கண்ணாடிக் குப்பிகளில் சின்ன மீன்களைப் போட்டு வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கக் கூச்சம். வெகுநேரம் பக்கத்தில் நின்றேன். அவராகவே என்ன வேண்டும் என்றார். காரல் ஏன் மின்னுகிறது என்று கேட்டேன். அந்த வெளிச்சம் மீனுடையது இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதன் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு வளையம் போன்ற பையில் குடியிருக்கின்றனவாம். மீன் அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறது, அவை வெளிச்சம் தருகின்றன. மீன் செத்த பிறகும் கொஞ்சநேரம் அவை உயிரோடு இருக்கும், ஐஸில் வைத்தால் இன்னும் அதிக நேரம் இருக்கும் என்றார். கெடுதல் உண்டா என்றேன். ஒரு கெடுதலும் இல்லை என்றார். பொரித்து வருகிற குஞ்சுக்கு அந்த வெளிச்சம் கிடையாதாம். பிறந்த பிறகு கடல் தண்ணீரிலிருந்துதான் அதற்குக் கிடைக்குமாம்.

"கெடைக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"அது தெரியலைங்க. கடல்ல எப்படியும் கெடைச்சிரும்னுதான் நெனைக்கிறோம்," என்றார்.

இன்னும் நிறையச் சொன்னார். காரல் கரையோரத்துச் சேற்றுத் தண்ணீரில் கூட்டமாகத் திரியும், அந்த நீளும் வாயால்தான் பொடிப் பூச்சிகளை உறிஞ்சித் தின்னும், பிடித்தால் முதுகு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும் என்றெல்லாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைதான் கண்ணில் நின்றது.

ஊருக்குத் திரும்பியதும் அவள் ஆசையாகக் கேட்டாள். "கடல் எப்புடிங்க இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு."

"அம்புட்டுத்தானா? நல்லாப் பாத்தீங்க போங்க. ஒருதடவ என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அதிலிருந்து வருஷம் தவறாமல் கேட்டாள். நான் வருஷம் தவறாமல் ஒரு காரணம் சொன்னேன். உப்புக் காத்து உனக்கு ஆகாது, பாய்க்கு உடம்பு சரியில்லை, ரயிலில் கூட்டம். கரைக்குப் போனால் எந்தக் குவியல் அவள் கண்ணில் படுமோ என்று எனக்குப் பயம். எதிர்வீட்டு அக்கா என் காதில் விழவே சொல்லும்: "கருவாட்டையே எண்ணிப் போடுற மனுசன், பொண்டாட்டிக்கு ரயில் டிக்கெட்டா எடுப்பாரு?" என் மனைவி எனக்காகச் சண்டைக்குப் போவாள். "அவருக்கு ஆயிரம் சோலி," என்பாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி அமாவாசைக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ராமேசுவரம் கிளம்பினார்கள். நான் கன்னிவாடிச் சந்தையிலிருந்து வருவதற்குள் அவள் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். புதுச் சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. காலையில் தீர்த்தமாடிவிட்டுக் கோயிலுக்குள்தானே இருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அமாவாசை இருட்டு என்பது ரயில் போனபிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வருகிற அன்று விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். பெண்கள் சத்தமாக இறங்கினார்கள். தீர்த்தச் சொம்பு, பனங்கல்கண்டு, சங்கு, சோழி என்று கை நிறைய. அவள் கடைசியாக இறங்கினாள். பையை என்னிடம் கொடுத்தாள். நடந்து வரும்போது கோயில் பிராகாரத்தைப் பற்றிச் சொன்னாள், இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்ததைச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாயங்காலம் கரைக்குப் போனோங்க," என்றாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"காரலக் குமிச்சு வச்சிருந்தாங்க. இருட்டு வரவும்..." முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "ஏந்தாயி, இது கெட்டுப்போனதான்னு கேட்டேன். அந்தப் பொம்பள, எந்த ஊருத்தா ஒனக்கு, மின்னுனாத்தான் பச்சைன்னுச்சு. நம்ம தெருக்காரிக எல்லாம் சிரிச்சாளுக. இவ புருசன் கருவாட்டுக் கடை, இவளுக்கு இதுகூடத் தெரியலன்னு. நானும் அவளுகளோட சேந்து சிரிச்சேங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"எப்பருந்து?"

"மொதத் தடவ மண்டபம் போனப்ப."

"அதான் என்னக் கூட்டிட்டுப் போகலையா?"

 அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் குழி தோண்டுனேன்," என்றாள்.

"நல்ல காரியம்னு நானுந்தானே சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. தோண்டுனது நானு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அதக் குடிச்சிருந்தா பால் வந்திருக்குமா?"

வந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். வராது, அதெல்லாம் சும்மா என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்சம்மாக்கள், மஞ்சள் பாலைக் கொடு, தண்ணீர் நிறையக் குடி என்கிறார்கள்; மீனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்கு எனக்கு அதுவும் தெரியாது. பாய் வீட்டில் எட்டுப் பிள்ளைகள் வளர்ந்தது மட்டும்தான் தெரியும்.

"தெரியல," என்றேன்.

"இத்தன வருசமா விக்கிறீங்க," என்றாள். "அதுகூடவா தெரியல?"

அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள்.  அவள் அப்படியே சரிந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தெருக்காரர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். நானும் அழுதேன். குழந்தை போன அன்று ஆட்கள் இருந்தார்கள், செய்ய வேண்டியவை இருந்தன. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதது அதுவே முதல் தடவை.

வெயில் ஏறி வாசலுக்கு வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவளுக்கு ஒங்க காதுதான்."

இத்தனை வருஷத்தில் குழந்தை எப்படி இருந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் அந்தக் காதைக் கவனித்துப் பார்த்ததும் இல்லை. ஆமாம் என்றேன்.